இல்லாத குடல்வால்

"இல்லாத குடல்வாலை எப்படி மேடம் வெட்டுறது?"

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர் ஃபோன் ஸ்பீக்கரில் நிதானமாகக் கேட்டார். கணினியைத் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு வந்து, கட்டிலருகே நின்றிருந்தாள் ஆஸ்பத்திரியின் பில் பிரிவைச் சேர்ந்த மார்சி. கட்டிலில் வெர்னன் வயிற்றைப் பிடித்தபடி சுருண்டு கிடந்தான். அவன் மனைவி லோரெட்டாவுக்கு ரத்தம் கொதித்தது.

"ஸ்கேன்ல பளிச்சுனு தெரியுது. எப்ப வேணா வெடிக்கும்னு டாக்டர் சொல்றார். நீங்க இல்லைங்கிறீங்க!"

"மூணு வருஷத்துக்கு முன்னாடி, அலபாமால, இதே மெம்பருக்கு அதை எடுத்தாச்சு. பணமும் நாங்க கொடுத்தாச்சு."

"என் புருஷன் இந்தக் கென்டக்கி மாநிலத்தைத் தாண்டினதே இல்லை சார்!"

"ஆபரேஷன் நிக்காது மேடம்," என்றாள் மார்சி. "அரை மணியில உள்ளே கூட்டிட்டுப் போயிடுவாங்க. பில் யார் தலையிலங்கிறதுதான் விஷயம். உங்க தலையிலன்னா, முப்பத்தெட்டாயிரம் டாலர் வரும்."

"வீட்டை வித்தாத்தான் உண்டு," என்றாள் லோரெட்டா.

"தவணையில கட்டலாம்க்கா. நானும் மாசாமாசம் போடறேன்," என்றான் அவள் தம்பி டஸ்டின். கூரை போடும் வேலை செய்பவன். வெர்னனை வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தவனும் அவன்தான்.

"நீயா? வண்டிக்கு டயர் மாத்தவே எங்கிட்ட வந்து நின்னவன் நீ. வாயை மூடு!"

ஸ்பீக்கரில் கம்பெனிக்காரர் கனைத்தார். "ஒரு வழி இருக்கு மேடம். யாரோ இன்ஷூரன்ஸ் கார்டைத் திருடிட்டாங்கன்னு அவர் கையெழுத்துப் போடட்டும். இப்பவே அனுமதி கொடுத்துடறோம். அந்த ஆளை போலீஸ் பார்த்துக்கும். அலபாமா ஆஸ்பத்திரி கேமராவுல முகம் பதிவாகியிருக்கும்."

மார்சி படிவத்தையும் பேனாவையும் நீட்டினாள். வெர்னன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வேணாம். நானே கட்டிக்கறேன்."

"வலியில புத்தி கெட்டுப்போச்சா? எவனோ திருட்டுப்பய உன் பேர்ல ஆபரேஷன் பண்ணிட்டுப் போயிருக்கான். அவன் ஜெயிலுக்குப் போனா உனக்கென்ன வந்துச்சு?"

"போடமாட்டேன் லோரெட்டா."

"அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும், வயித்தை நானே கிழிக்கிறேன்!"

டஸ்டின் தலையைக் குனிந்தபடி சட்டையை மெல்லத் தூக்கினான். வலப்பக்க அடிவயிற்றில் நீளமாக ஒரு தழும்பு.

மார்சி சட்டென்று பட்டனை அமுக்கி, இங்கே பேசுவது அந்தப் பக்கம் கேட்காதபடி செய்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

"புயலுக்கப்புறம் அங்கே கூரை வேலைக்குப் போனேன்ல... வேலை நடுவுல வெடிச்சிருச்சுக்கா. எனக்கேது இன்ஷூரன்ஸ்? மாமாதான் கார்டைப் படம் பிடிச்சு ஃபோன்ல அனுப்பினார். உங்கிட்ட சொல்ல வேணாம்னும் அவர்தான் சொன்னார்."

லோரெட்டா தம்பியைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். படிவத்தை நாலாகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, பட்டனைத் தானே மறுபடி அமுக்கினாள்.

"சார், மன்னிச்சுக்கங்க. அலபாமால ஆபரேஷன் பண்ணிக்கிட்டது இவரேதான், இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு," என்றாள். "என் புருஷனுக்குப் பிறவியிலேயே ரெண்டு குடல்வால்!"