மிளகு மூட்டை விசாரணை

உறுப்பினர்களின் நடத்தையைக் கண்காணிக்கச் சட்டப்பேரவை புதிதாக அமைத்த நெறிமுறைக் குழு, தன் முதல் விசாரணைக்காக மாரமங்கலத்துக்கு வந்திருந்தது. சாலை போட்டுத் தருவதாகச் சொல்லி ஊராரிடம் மிளகு மூட்டைகள் வாங்கினார் என்பது உறுப்பினர் கமலக்கண்ணன் மீதான புகார். மெய்யென்றால் பதவி போய்விடும்.

மிளகு பயிரிடும் கிருஷ்ணம்மாள் சாட்சி சொல்ல எழுந்தார்.

"பாவமுங்க, பழி போடாதீங்க! அவரு ஒரு மிளகுகூட வாங்கலீங்க."

கமலக்கண்ணனுக்குப் போன உயிர் திரும்பியது. "நல்லாச் சத்தமாச் சொல்லுங்கக்கா!"

"எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார் குழுத் தலைவர்.

"வாங்கோணும்னா இங்க வரோணுமில்லீங்க? ஓட்டுக் கேட்டுட்டுப் போனவர, உங்க புண்ணியத்துல இன்னிக்குத்தானுங்க மறுக்காப் பாக்கறோம்!"

ஊரே சிரித்தது. தலைவர் தம் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"நீங்கள் குற்றமற்றவர். காரணத்தோடு அறிக்கை எழுதிப் பேரவையில் வைத்துவிடுகிறேன்."

கமலக்கண்ணன் பதறிப்போய் அவர் காதருகே குனிந்தார். "காரணத்த மட்டும் விட்டுடுங்கய்யா. அடுத்த வருசம் தேர்தல் வருதுங்க."

"காரணம் இல்லாமல் விடுவிக்க விதியில் இடமில்லையே."

கமலக்கண்ணன் சற்று யோசித்தார்.

"அப்படீன்னா, ரெண்டு மூட்டை வாங்கினேன்னே எழுதிக்குங்க. அதுக்காவது ஊருக்கு வந்தேன்னு இருக்கட்டும்."