உண்மைப் பூ

வாத்தியார் உலகப்பன் மணியத்தை அறைந்த சத்தம் பிள்ளைக் கொட்டகை வரைக்கும் கேட்டது.

பேச்சியம்மாள் தொட்டிலை ஆட்டுவதை விட்டுவிட்டு எழுந்தாள். பால்மரம் வெட்டப் போனவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பக்கத்திலேயே பள்ளிக்கூடம். அடி வாங்கியவன் அவள் பெற்ற ஒரே பிள்ளை.

செடெனாக் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில், பெரியவர்களை விடியுமுன் பெரட்டில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். விடிந்தபின் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வாத்தியார் நல்லொழுக்கம் சொல்வார். திங்கட்கிழமை உண்மை நாள். வீட்டில் நடந்ததை ஒளிக்காமல் சொல்லும் பிள்ளையின் சட்டையில் ஒரு செம்பருத்தி. பொய் சொல்லிவிட்டு ஒப்புக்கொண்டாலும் உண்டு. உண்மைப் பூ என்று அதற்குப் பெயர். அன்றைக்கு மட்டும் பெரிய கிராணி தியாகராஜா ஆபீஸ் கணக்கு வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்பார். பிள்ளைகள் மேல் அவ்வளவு அக்கறை.

போன மாதம் புஷ்பவள்ளி, "எங்கப்பாவுக்குக் காய்ச்சல் இல்ல சார், சிம்பாங் ரெங்கத்துக்குச் சித்தப்பாவப் பாக்கப் போனாரு" என்று சொல்லிப் பூ வாங்கினாள். கிராணிதான் முதலில் கைதட்டினார். பூ வாடுமுன், காய்ச்சலென்று வேலைக்கு வராத அவள் அப்பனுக்குச் சீட்டுக் கிழிந்தது, வேலை போயிற்று. சட்டி பானையோடு குடும்பம் லயத்தைக் காலி செய்தது.

அன்றிலிருந்து பேச்சியம்மாளுக்கு வாத்தியாரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். பிள்ளைகள் வாயைக் கிளறி லயத்தைக் காட்டிக்கொடுக்கிற ஆள் என்று குழாயடியில் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். இப்போது அவள் பிள்ளை மேலேயே கை வைத்துவிட்டார். விடுவாளா?

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசைக்குள் புகுந்தாள். அன்று திங்கட்கிழமை; கிராணியும் அங்கே நின்றிருந்தார்.

"எதுக்கு வாத்தியாரே எம்புள்ளைய அடிச்சீங்க?"

"பொய் சொன்னான்."

"அவன் பொய் சொல்ல மாட்டான். டேய், என்னடா சொன்ன?"

மணியம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு விம்மினான். "உண்மைதாம்மா. நம்ம வீட்டுல மாமான்னு ஆரம்பிச்சேன். அதுக்குள்ள அடிச்சிட்டாரு."



பேச்சியம்மாளின் தம்பி காளியப்பன், தங்காக் பக்கத்துத் தோட்டத்தில் கங்காணியின் அடி தாங்காமல் ஓடி வந்தவன். முந்தாநாளிலிருந்து அவள் வீட்டில் விறகுக் குவியலுக்குப் பின்னால் படுத்துக் கிடக்கிறான். தோட்டத்தை விட்டு ஓடுவது குற்றம்; பிடிபட்டால் அவனுக்கு ஜெயில், இடம் கொடுத்தவர்களுக்கும் வழக்கு. "வெளிய மூச்சு விடக்கூடாது" என்று மகனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "சார்கிட்டயுமா?" என்று அவன் கேட்டதை அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"மாமனோ?" கிராணி ஓரடி முன்னால் வந்தார். "எந்த மாமன்?"

"யாரும் இல்லீங்க ஐயா," வாத்தியார் குறுக்கே விழுந்தார். "இவங்க வீட்டுல ஆத்தா, அப்பன், இவன், அவ்வளவுதான். எனக்குத் தெரியாதா? பூவுக்கு ஆசைப்பட்டு இல்லாத மாமனை உண்டாக்குறான்."

சொல்லிவிட்டுப் பேச்சியம்மாளைப் பார்த்தார். அதட்டுகிற பார்வை இல்லை. கெஞ்சுகிற பார்வை.

இவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் அடித்திருக்கிறார். புஷ்பவள்ளி போனபிறகு உண்மை நாளை நிறுத்திவிடலாம் என்று இவர் கேட்டதாகவும், துரைக்கே பிடித்துப்போன விஷயம் என்று கிராணி விடவில்லை என்றும் லயத்தில் பேசிக்கொண்டார்கள். அதையும் நடிப்பு என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"தாய் சொல்லட்டும்," என்றார் கிராணி. "என்ன பேச்சி, ஆர் வந்து நிக்கிறது உன்ர வீட்டில?"

பேச்சியம்மாள் மகனின் மறு கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"பொய்தாங்க ஐயா. எனக்குக் கூடப் பொறந்ததுன்னு யாருமே கெடையாது. எல்லாரும் எப்பவோ செத்துப் போயிட்டாங்க." மகனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லுடா. பொய்னு சொல்லு."

மணியம் அம்மாவைப் பார்த்தான். உண்மையே பேசு என்று தினமும் சொல்லிக்கொடுத்த வாத்தியாரைப் பார்த்தான். அவர் கண்ணும் அதையே கேட்டது.

"பொய்தான் சார். எங்க வீட்டுல மாமா இல்ல."

கிராணியின் முகம் மலர்ந்தது. "அப்பிடி வா. செய்த பிழையை ஒப்புக்கொண்டிட்டானே, இதுவல்லோ ஒழுக்கம். பூவைக் குடுங்கோ வாத்தியார்."

வாத்தியாரின் கை எழவில்லை. மேசையில் இருந்த செம்பருத்தியைக் கிராணியே எடுத்தார்.

பிள்ளைகள் எல்லோரும் கைதட்ட, மணியம் தன் வாழ்நாளில் சொன்ன முதல் பொய்க்கு உண்மைப் பூ வாங்கிக்கொண்டான்.