ஷாமாவின் முதுகு

“யார் இந்த ஷாமா?”

கணவன் லர்பி எழுதி வைத்திருந்த கதையை அவன் மூக்குக்கு நேரே ஆட்டினாள் துரியா.

“கதாபாத்திரம்டி. கதைன்னா ஒரு ஆள் வேணும், அவளுக்கு ஒரு ஆசை வேணும், அதுக்கு ஒரு தடை வேணும். எழுத்து வகுப்புல அப்படித்தான் சொன்னாங்க.”

“முதுகுல பேரீச்சங்கொட்டை மாதிரி மச்சம் வேணும்னும் சொன்னாங்களா? பார்க்காமலா எழுதினீங்க?”

“பார்த்ததை எழுதினாத்தான் கதை நிக்குமாம்.”

“அப்போ அவளைக் கொன்னுடுங்க. இன்னைக்கே!”

“உன் இஷ்டம்” என்று பேனாவை எடுத்தான் லர்பி.

அப்படியும் அவளுக்கு மனசு ஆறவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு, தெருப் பெண்களெல்லாம் கூடிக் குளிக்கும் ஹம்மாமுக்குப் போனாள். “திரும்புங்க அக்கா, நான் தேய்ச்சு விடறேன்” என்று வலியப் போய் ஒவ்வொருத்தி முதுகையும் தேய்த்தாள். ரொட்டிக்காரன் பெண்டாட்டி, தையற்காரி, புதிதாகக் குடிவந்த விதவை. ஒருத்தி முதுகிலும் மச்சமில்லை.

“என்னடி, இன்னைக்கு எங்க மேல இவ்வளவு பாசம்?” என்றாள் பக்கத்து வீட்டு ரகீயா. “உன் முதுகை மட்டும் யாரையும் தொட விடமாட்டே. கூச்சத்தை விட்டுட்டுத் திரும்பு.”

தேய்த்துக்கொண்டிருந்த ரகீயாவின் கை சட்டென்று நின்றது.

“அடிப்பாவி, இவ்வளவு அழகான மச்சத்தையா ஒளிச்சு வெச்சிருந்தே? அச்சு அசல் பேரீச்சங்கொட்டை!”

ஈரத்தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு துரியா வீட்டுக்கு ஓடினாள்.

“அவளைக் கொன்னுட்டீங்களா?”

“இப்பத்தான் கிணத்துல தள்ளினேன். நீதானே சொன்னே?”

“ஐயோ, சீக்கிரம் மேலே தூக்குங்க! எனக்கு நீச்சல் தெரியாது.”