மானேஜர் கையில் எலுமிச்சம்பழம்

மானேஜர் கந்தசாமி கையில் ஒரு எலுமிச்சம்பழத்தோடு சேலம் லேபர் ஆபீசுக்குள் நுழைந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த லூர்துசெல்வி அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, ஆபீசருக்கு எலுமிச்சம்பழம் கொண்டாந்திருக்காருங்க. நாம வெறுங்கையோட வந்துட்டமே!" என்று புருஷன் காதைக் கடித்தாள்.

"உங் கையிலயும் ஒண்ணு இருக்குதல்ல?"

"இது பஸ்ஸுல வாந்தி வராம இருக்க மோந்துக்கிட்டு வந்ததுங்க. இதையவா குடுக்கறது?"

அவள் புருஷன் ஆரோக்கியதாஸ், ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டியவர். காப்பி பறிக்கும் பெண்களை ஏற்றிப்போகும் அந்த ஜீப்பில் பிரேக் பிடிக்கவில்லை என்று மானேஜரிடம் சொல்லிச் சொல்லி அலுத்து, கடைசியில் போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொன்னார். ஸ்டேஷனிலிருந்து மானேஜருக்குப் போன் வந்தது. அன்றைக்கே ஆரோக்கியதாசுக்கு வேலை போனது.

இன்றைய விசாரணையில் தோற்றால், எஸ்டேட் கொடுத்த லயன் வீட்டையும் காலி செய்யவேண்டும்.

ஆபீசர் மூவரையும் உள்ளே கூப்பிட்டார்.

"ஜீப்புக்கு ஒரு கொறையும் இல்லீங்க சார்," என்றார் மானேஜர். "பிரேக்கு தொட்டா நிக்குது. நானே அதுலதானுங்க மலை ஏறி எறங்கறேன். இவனுக்கு ஒடம்பு வணங்கல, வண்டி மேல பழி போடறான்."

பொய்யை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல எல்லோராலும் முடியாது.

"உனக்குச் சாட்சி இருக்காப்பா?" என்றார் ஆபீசர்.

"வண்டில வர்ற பொம்பளைங்கதானுங்க. வேல போயிருமுன்னு பயந்துக்கிட்டு யாரும் வரலீங்க."

ஆரோக்கியதாஸ் தலை குனிந்துகொண்டார். லூர்துசெல்விக்கு அழுகை முட்டியது. எலுமிச்சம்பழம் இன்னும் மானேஜர் கையிலேயே இருந்தது. எப்போது நீட்டுவாரோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி நல்லா இருக்குன்னா புகார் பொய். வேலையை விட்டு எடுத்தது சரிதான்," என்று ஆபீசர் பேனாவைத் திறந்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக நிமிர்ந்தார்.

"கந்தசாமி, எனக்கும் இன்னிக்கு ஏற்காடு போகணும். உங்க ஜீப்புலயே வந்துடறேன். வண்டி வாசல்லதானே நிக்குது?"

மானேஜர் எலுமிச்சம்பழத்தை மெதுவாக மூக்கருகே கொண்டுபோனார்.

"நான் பஸ்ஸுலதானுங்க வந்தேன்."