சட்டையில் ஏறிய வாடை

"ரிட்டையர் ஆயாச்சு. இன்னும் எதுக்கு சார் தினமும் வந்து இந்த உலைகிட்ட நிக்கிறீங்க?" மூக்கைப் பொத்திக்கொண்டே கேட்டாள் ஆய்வகத்துப் பெண். அழுகின முட்டை வாடை. துளி கந்தகம் சேர்க்காவிட்டால், உலைக்குள் வளர்கிற, தலைமுடியைவிட மெல்லிய கார்பன் இழை ஸ்பிரிங் மாதிரி சுருளாது. நேராகவே வளர்ந்து தொலைக்கும்.

"பத்து நிமிஷம்தான்மா. வாடை சட்டையில ஏறினா போதும்."

'மனுஷனுக்கு மூக்கே செத்துப்போச்சு போல' என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் மகன்தான் கதவைத் திறந்தான். அவர் மனைவி அவனைப் பார்த்து, "யாரு தம்பி நீ? காலையிலருந்து இங்கேயே சுத்துறே?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் பக்கத்தில் போய் நின்றார். சட்டையை முகர்ந்தவளின் முகம் மலர்ந்தது.

"வந்துட்டீங்களா! இன்னைக்காவது சுருண்டுச்சா?"