கரையில் பன்னிரண்டு மீட்டர்

என் மைத்துனன் ரெக்ஸன், கடையிலேயே மலிவான மீன்காட்டிக் கருவியைப் பொறுக்கி எடுத்து, தன் பிளாஸ்டிக் கயாக் படகில் பசை அப்பி ஒட்டிவைத்தான். கடலுக்குள் போனால் கருவியின் திரை நிறைய மீன்கள். தூண்டிலில் ஒரு செதில்கூட இல்லை.

“மீன் கெடக்கு அத்தான். அதுக்குப் பசிதான் இல்ல.”

தினமும் இதே பதில். இந்த மண்டூகத்தோடு நானும் துடுப்புப் போட்டேன்.

இன்று கயாக்கை மணலில் இழுத்துப் போட்ட பிறகும் திரையில் மீன்கள் வரிசையாகப் போயின. ஆழம் பன்னிரண்டு மீட்டர் என்றது கருவி. இப்போதாவது இவனுக்கு உறைக்கட்டும் என்று, கயாக்கின் விளிம்பில் உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன்.

அவன் திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. “மெதுவா அத்தான், கலைஞ்சிரும்” என்றபடி இறாலைக் கோத்துத் தூண்டிலை மணலில் போட்டான்.

என் கால்களை எப்போது தூக்கிக் கயாக்குக்குள் வைத்துக்கொண்டேன் என்று தெரியவில்லை.