ஜெமீமாவுக்கு முன்

போதகர் கைகளை நீட்டியபடி நின்றார்.

அவள் குழந்தையைக் கொடுக்கவில்லை.

ஞானஸ்நானத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். பெஞ்சுகளில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற கணவன் தியோடர் அவள் முழங்கையை மெல்லத் தொட்டான்.

குழந்தைக்கு இடும் பெயரை அவன் முன்பே சத்தமாகச் சொல்லியாகிவிட்டது.

ஜெமீமா.

அந்தப் பெயரைப் போன வாரம் வீட்டுக்கு வந்தபோது போதகர்தான் சொன்னார். தரங்கம்பாடிக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. இளம் வயது. குருத்துவக் கல்லூரியில் எபிரேயம் படித்தவர். நல்ல அர்த்தமுள்ள பெயராக வேண்டும் என்று தியோடர் கேட்டிருந்தான்.

எபிரேயத்தில் அதற்குப் புறா என்று பொருள் சொல்வார்கள் என்றார். பகல் என்று சொல்பவர்களும் உண்டு. வேதத்தில் ஒரு மனிதர், பெற்ற பிள்ளைகள் எல்லோரையும் ஒரே நாளில் பறிகொடுத்தவர். பின்னால் அவருக்குப் பழையபடி அத்தனை பிள்ளைகளும் பிறந்தார்கள். அப்படிப் பிறந்த பெண்களில் மூத்தவள் பெயர் ஜெமீமா.

தியோடர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதையே வைத்துவிடலாம் என்றான். போனதெல்லாம் திரும்பக் கிடைத்த வீடு இது என்றான்.

அவள் சுவரோரமாக உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய இரண்டு பிள்ளைகள் சுனாமியில் போனார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. முந்தின நாள் போட்ட புதுத்துணியைக் கழற்றமாட்டோம் என்று அடம்பிடித்து, அதோடேயே கடற்கரைக்கு ஓடினார்கள். அவள் மீந்த கறிக்குழம்பைச் சுடவைத்துக்கொண்டிருந்தாள்.

ஊரில் செத்தவர்களோடு சேர்த்து ஒரே குழியில் வைத்தார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஜெபம். ஒவ்வொருவராகப் பெயர் சொல்ல யாருக்கும் தெம்பில்லை.

அதன்பிறகு தியோடர் சுவரிலிருந்த படங்களை எடுத்துவிட்டான். பள்ளிக்கூடப் பைகளை யாருக்கோ கொடுத்துவிட்டான். அந்தப் பெயர்களை வீட்டில் சொல்லக்கூடாது என்றான். சொன்னால் அவனால் உயிரோடு இருக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. சொல்லவில்லை.

முன்பே குடும்பக்கட்டுப்பாடு செய்துகொண்டவள். அதை மாற்ற இன்னொரு ஆபரேஷன் செய்யலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவன் கெஞ்சினான். போய்ப் படுத்தாள்.

இவள் பிறந்தாள்.

அன்று போதகர் டீயைக் குடித்து முடித்தார். அவள் ஒன்று கேட்டாள்.

"மொதல்ல செத்த புள்ளைங்க பேரு என்னங்கய்யா?"

போதகர் யோசித்தார்.

அது வேதத்தில் எழுதப்படவில்லை என்றார்.

பெற்றவள் பெயர் என்ன என்று கேட்டாள். அதுவும் இல்லை என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஜெபம் செய்யாமலேயே எழுந்து போனார்.

இப்போது அதே போதகர் அவள் முன்னால் நின்றார். அதட்டவில்லை. காத்திருந்தார்.

குழந்தை கொட்டாவி விட்டது. மூக்கு அப்படியே மூத்தவளுடையது. மற்றதெல்லாம் வேறு. இது வேறு குழந்தை. பிறந்த அன்றே அவளுக்கு அது தெரிந்திருந்தது. அதைத் தியோடரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

"இவளுக்கு ஒரு அக்கா உண்டுங்கய்யா. வினோலியா. ஒரு அண்ணன் உண்டு. பிரபு. அவங்க பேரையும் சொல்லி ஜெபிக்கணும்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் கோயில் முழுக்கக் கேட்டது. பின்பெஞ்சில் யாரோ விசும்பினார்கள்.

தியோடரின் கை அவள் முழங்கையிலிருந்து விலகியது.

அவள் குழந்தையைக் கொடுத்தாள்.

போதகர் தண்ணீரை அள்ளி மூன்று முறை ஊற்றினார். குழந்தை வீறிட்டது. அந்த அழுகைக்கு மேலே அவர் ஜெபித்தார். வினோலியாவுக்கும் பிரபுவுக்கும் தங்கையான ஜெமீமா என்றார். இரண்டு பெயர்களையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

அவள் கண்ணை மூடவில்லை. கணவனைப் பார்த்தாள்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாடை இறுகியிருந்தது. ஆராதனை முடியும்வரை அவன் அவள் பக்கம் திரும்பவேயில்லை. பாட்டுக்கு எழுந்து நின்றான். வாய் அசையவில்லை.

வாசலில் சொந்தக்காரர்கள் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினார்கள்.  தியோடர் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தான். அவள் பின்னால் போனாள். 

தெருமுனையில், கோட்டை பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு அம்மாள் குழந்தையின் வெள்ளைக் கவுனைப் பார்த்து நின்றாள். துணியை விலக்கி முகத்தைப் பார்த்தாள்.

"தலச்சம் புள்ளையா?" என்று கேட்டாள்.

அவள் முன்னால் போகும் கணவனைப் பார்த்தாள்.

முன்னால் போன தியோடர் நின்றான். திரும்பி வந்தான். குழந்தையை அவளிடமிருந்து வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டான்.

"இல்லீங்க," என்றான். "மூணாவது."

அந்த அம்மாள் சிரித்தாள். மற்ற இருவரும் எங்கே என்று அவர்களுக்குப் பின்னால், கடல்வரை நேராகப் போகும் தெருவைப் பார்த்தாள்.

தியோடரும் திரும்பிப் பார்த்தான்.